ஏழு கிராம் சொச்சம்

முதலில் வெறும் பையை நிறுக்க வேண்டும்.
அதை மறந்தால்
அன்றைய ராத்திரி மொத்தமும் பொய்.

பால்டிக் கடலுக்கும் பாப்பே ஏரிக்கும் நடுவே
மணல்மேடு, பைன் மரங்கள், ஒரு நீண்ட இடுக்கு.
வடக்கே பிறந்த துரிஞ்சில்கள்
ஆகஸ்டில் அதன் வழியாகத்தான் தெற்கே போகின்றன.
வீடு அகலத்துக்கு வலைக்கூண்டு
வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது.

ஸிக்மார்ஸ் எடுத்துத் தருவான்.
வெல்டா நிறுப்பாள்.
பென்சில் என்னிடம்.

ஸிக்மார்ஸ் பகலில் மர லாரி ஓட்டுகிறவன்.
கிளைப்பேடா துறைமுகத்தின் எடைமேடையில்
நாற்பது டன் ஏறி நிற்கும்;
இருபது கிலோ கூடினாலும் குறைந்தாலும்
அங்கே ஒருவரும் தலை நிமிர்வதில்லை.

வெல்டா அஞ்சலகத்தில் முப்பத்தொரு வருடம்
கடிதங்களை நிறுத்தவள்.
இருபது கிராம் வரை ஒரு ஸ்டாம்ப்.
இருபது புள்ளி ஒன்று என்றால்
அழுகிற பெண்ணாக இருந்தாலும் இரண்டு.

தராசைப் பக்கவாட்டில் படுக்கவைத்த வாளிக்குள் வைத்திருக்கிறோம்.
இல்லையென்றால் கடற்காற்றும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
பையோடு பதினைந்து புள்ளி ஒன்பது.
பை எட்டு புள்ளி ஆறு.
கழித்தால் ஒரு உயிர்:
ஏழு புள்ளி மூன்று.

முன்கை முப்பத்து நான்கு மில்லிமீட்டர்.
மடித்தால், தாள் சுற்றிய மிட்டாய்.
விரித்தால் என் நோட்டின் இரண்டு ஓரங்களையும் தாண்டுகிறது.
பல்லைக் காட்டித் திட்டுகிறது,
எங்கள் காதுக்கு எட்டாத சுருதியில்;
வசவு என்பது மட்டும் முகத்தில் தெரிகிறது.

"இதில் இரண்டை ஒரே உறையில் அனுப்பலாம்" என்றாள் வெல்டா,
அலுமினிய வளையத்தை மாட்டிக்கொண்டே.
வளையத்தில் அனுப்புநர் உண்டு.
பெறுநர் இல்லை.

இரண்டு மணிக்குமேல் ஒன்று வந்தது.
எட்டு புள்ளி ஒன்று.
எழுதிவிட்டேன்.
வெல்டா அடுத்ததற்குக் கை நீட்டவில்லை.
"முன்கை?"
"முப்பத்து மூன்று."
"அப்புறம் எங்கிருந்து வந்தது இந்தச் சதை?"

பையை உள்புறம் வெளியாகத் திருப்பினாள்.
மோந்தாள்.
வெறும் பையைத் தராசில் வைத்தாள்:
ஒன்பது புள்ளி ஒன்று.

அரை கிராம்.
அந்தப் பையில் வரிசையாக இருந்த ஐந்தும்
இருட்டில், துணிக்குள், பயந்து
விட்டுப்போன ஈரம்.
எது எவ்வளவு பயந்தது என்று
இனி பிரித்துச் சொல்ல முடியாது.

ஸிக்மார்ஸ் சிரித்தான்.
"ஆளுக்குப் பூஜ்யம் புள்ளி ஒன்று கழித்துவிடு, முடிந்தது கணக்கு."
லாரிக்காரனின் நியாயம். எனக்கும் தூக்கம் வந்தது.
வெல்டா அவனை,
ஸ்டாம்ப் பற்றாத உறையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

ஐந்து எண்களையும் அடித்தேன்.
ஐந்து இடத்திலும் எழுதினேன்:
நிறுக்கப்படவில்லை.

அந்த ஐந்தாவதை அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
வெளியே நடந்தாள்.
குளிர்ந்த எஞ்சின்போல் முதலில் நடுங்கியது.
நடுக்கம் வேகம் பிடித்தது, உடல் சூடேறியது,
பிறகு கையில் இல்லை.

"போனது தெரிந்ததா?" என்று கேட்டேன்.
"பார்த்ததால் தெரிந்தது" என்றாள்.
"கைக்கு இருந்ததும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்."
முப்பத்தொரு வருடம் நிறுத்த கை.

விடிந்ததும் ஸிக்மார்ஸ் லாரிக்குப் போனான்.
அவன் சாலையும் தெற்கேதான்,
கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு.
போகிற வழியில் எதையாவது முந்தியிருப்பான்;
பகலில் அவை ஏதாவது பட்டையிடுக்கில் ஒட்டிக்கொண்டு தூங்கும்.

நான் பைகளைத் துவைத்துக் கொடியில் போட்டேன்.
சாயங்காலம், காய்ந்தபின், அவள் மறுபடி நிறுத்தாள்.
எட்டு புள்ளி ஐந்து.

துவைத்ததில் நூலோ, ரோமமோ,
என்னவோ கொஞ்சம் போயிருக்கிறது.
புதுப் பக்கத்தின் தலையில்
அதைத்தான் முதலில் எழுதினேன்.